ஒரு சாண் நல்ல இரும்பு

மார்ச் 3, காலை 11.20. இன்றுவரை உடைத்த குழாய்கள்: பதினேழு.

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதவும். நான்கு பக்கம் வேண்டாம்.

ஃபோனில் "ம்", "சரி", "வைக்கிறேன்" என்ற மூன்று சொற்களுக்கு மேல் நான் பேசுவதில்லை என்பதால், இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறேன். கடிதத்தில் அந்த மூன்றை மட்டும் எழுதி அனுப்ப முடியாது என்பது உன் கணக்கு. முடியும். தபால்தலை வீணாகும், அவ்வளவுதான்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாய். குழாய் உடைக்கிறேன். தண்ணீரும் எண்ணெயும் போகிற பெரிய இரும்புக் குழாய்களில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வருவார்கள். இரண்டு முனையிலும் கனமான மூடியைப் பற்றவைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றிவிட்டு, பம்பால் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவோம். ஒரு கட்டத்தில் குழாய் வயிறு உப்பிக் கிழியும். காற்றடைத்து உடைத்தால் குழாயோடு கூரையும் போகும் என்பதால் தண்ணீர்.

உடைப்பது பெரிய வேலை இல்லை. எந்த அழுத்தத்தில் உடையும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் வேலை. பம்பைத் தொடுவதற்கு முன் ஆளுக்கொரு எண்ணைப் பலகையில் சாக்கட்டியால் எழுத வேண்டும். உடையும்வரை அழிக்கக்கூடாது. யாருடைய எண் ரொம்பத் தள்ளிப்போகிறதோ அவர், கிழிந்த குழாயின் தண்ணீர் தரையில் கொட்டி ஆகும் சேற்றைக் கூட்ட வேண்டும். துருப்பிடிக்காத குழாயில் என்னை யாரும் அசைக்க முடியாது. சுவரின் கனம், விட்டம், இரும்பின் பலம் மூன்றையும் கொடுத்தால் போதும், எண் கையில். துருப்பிடித்ததுதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அத்தானின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

தம்பி

*

மார்ச் 12

அவசரக்குடுக்கைத் தம்பிக்கு,

இரண்டு வரியில் நலம்: நான் நன்றாக இருக்கிறேன். அத்தானின் முட்டி, சலவை வண்டியிலிருந்து மூட்டை இறக்கும்போது மட்டும் வலிக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் வலிப்பதில்லை.

இனி என் கடிதம், என் இஷ்டம். பெரிய செய்தி கேள். ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் முழுவதையும் நம் சலவைக்கடைக்கே கொடுத்துவிட்டார்கள்! மே முதல் தேதியிலிருந்து. இத்தனை நாள் சட்டை, பாவாடை என்று தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு இப்போது முந்நூறு கட்டில்கள். புதிதாக ஒரு பெரிய இயந்திரம் வாங்கியிருக்கிறேன். உள்ளே கொண்டுபோகக் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. அத்தான் அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்திருக்கிறார். குழாயில் தண்ணீர் வேகமாக வந்தால்தான் குண்டன் சுற்றுவான். கொஞ்சம் தளர்ந்தாலும் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். குணத்தில் அவன் உனக்குத் தம்பி என்கிறார் அத்தான்.

துருப்பிடித்த குழாய் ஏன் பேச்சைக் கேட்பதில்லை? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. பலகையில் உனக்குப் போட்டியாக எழுதுவது யார்? அதையும் எழுது. முகவாய்க்கட்டையில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

உன் அக்கா

*

மார்ச் 25

அக்காவுக்கு,

நலம். காய்ச்சல், சளி ஏதும் இல்லை. உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

போட்டிக்கு எழுதுவது என் எதிர்மேசைக்காரி. முகவாய்க்கட்டையிலிருந்து கையை எடு. நான் நாற்பது நிமிடத்தில் முடிக்கிற கோப்புக்கு அவளுக்கு ஒரு வாரம் வேண்டும். அவ்வளவுதான் எங்களுக்குள் இருக்கிற சம்பந்தம்.

துருவைப் பற்றி. முழங்கை தேய்ந்த சட்டையை நீ பார்த்திருப்பாய். மற்ற இடமெல்லாம் புதிது மாதிரி இருக்கும், கையை மடக்கினால் அங்கேதான் கிழியும். எங்கே கிழியும் என்று யாரும் சொல்லிவிடலாம். எப்போது என்பதுதான் கேள்வி. தேய்ந்த இடம் எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்பதை வைத்துச் சொல்கிறோம்.

இன்று முடித்த கோப்பையே உதாரணமாக வைத்துக்கொள். எண் 41. எங்களுக்கு வரும் கோப்புகளில் ஊர்ப்பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடைய குழாய் என்று தெரிந்தால் மனசு இளகிவிடும் என்று மேலிடத்துக்குப் பயம். ஆறு மில்லிமீட்டர் சுவர். புதிதாக இருந்தபோது 80 பார் அழுத்தம் தாங்கியிருக்கும். இப்போது ஒன்பது இடங்களில் துரு. இருப்பதிலேயே மோசமான இடத்தில் அளவெடுத்த ஆட்கள் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் ஆழத்தை எழுதி நான்கு தாள் அனுப்பியிருந்தார்கள். அத்தனையையும் யார் உட்கார்ந்து பார்ப்பது? முதல் குழியிலிருந்து கடைசிக் குழிவரை நீளத்தை எடுத்தேன். இருப்பதிலேயே ஆழமான குழியின் ஆழத்தை எடுத்தேன். மொத்தமும் அந்த ஆழத்துக்கு அரித்துப்போனதாக ஒரு பெட்டி வரைந்தேன். 34 பாரில் உடையும். முடிந்தது.

எங்கள் மேலாளர் எந்த எண்ணைக் கொண்டுபோனாலும் இரண்டால் வகுப்பார். பாதுகாப்புக்கு. அதனால் அவருக்குப் பாதியார் என்று பெயர். 34ஐப் பாதியாக்கி 17 என்று கையெழுத்துப் போட்டார். அந்த ஊர்க்காரர்கள் இதுவரை 22 பாரில் ஓட்டிக்கொண்டிருந்தார்களாம். இனி அழுவார்கள். அழட்டும். குழாய் அழாமல் இருந்தால் சரி.

குண்டனுக்கு என் வாழ்த்து.

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை கொஞ்சம் கூடுதல். இப்போதெல்லாம் விடியுமுன் எழுந்துவிடுகிறேன். நல்ல பழக்கம்தானே? கையில் சதை போட்டிருக்கிறது. நேற்று அத்தானின் ஊறுகாய் ஜாடி மூடியை ஒரே திருகில் திறந்தேன், அவர் பயந்துபோய்விட்டார். குண்டன் ஓய்வில் இருக்கிறான்.

ஒரு சந்தேகம். நீ 34 என்று எழுதினால் அது 34தானா? இருபதாக இருக்க வாய்ப்பு உண்டா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன். எதிர்மேசைக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

சுகம். இந்தத் தடவை உன் கடிதம் என் கடிதத்தைவிடச் சின்னதாக இருக்கிறது. நல்ல முன்னேற்றம்.

இயந்திரத்தை ஓய்வெடுக்கவா வாங்கினாய்? மே மாதம் பிறக்கப்போகிறது. ஓட்டிப் பார்க்காமல் வைத்தால் கடைசி நாளில் காலை வாரும்.

உன் சந்தேகத்துக்குப் பதில்: இருபதாக இருக்கவே முடியாது. பெட்டிக் கணக்கு எப்போதும் பாதுகாப்பான பக்கம்தான் தவறும். 34 என்று சொன்னால் 34 அல்லது அதற்கு மேல். எவ்வளவு மேல் என்று கேட்காதே. போன வாரம் பயிற்சிக்காக ஒரு துருக்குழாயை உடைத்தோம். நான் 40 என்று எழுதினேன். 61இல் உடைந்தது. எதிர்மேசைக்காரி 58 என்று எழுதியிருந்தாள்.

"என்னங்க பெட்டி சார், குழாய் உங்களுக்கு மரியாதை குடுத்து இருபத்தொண்ணு சேத்துத் தாங்கியிருக்கு போல" என்றாள்.

"தப்பினா நல்ல பக்கம்தான் தப்பியிருக்கேன். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"யாருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கோப்புல பேரே இல்லையே."

பேசத் தெரிந்தவள், எண்ணையும் கொஞ்சம் சீக்கிரம் போட்டால் நன்றாக இருக்கும். சேற்றைக் கூட்டினேன். இடுப்பு வலிக்கிறது. மற்றபடி நலம்.

தம்பி

*

மே 4

மாப்பிள்ளைக்கு,

நலமா? உன் அக்காவுக்குத் தெரியாமல் வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் ஸ்டியரிங் மேல் வைத்து எழுதியதால்.

ஏப்ரல் முதல் வாரத்தில் பம்ப் நிலையக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கோப்பு எண் 41. உடையும் அழுத்தம் 34. இனி 17க்கு மேல் ஓட்டக்கூடாது. அவ்வளவுதான் அதில் இருந்தது. 17இல் தண்ணீர் கீழ்த்தெருவுக்கு வரும், பள்ளிக்கூடத்துக்கு வரும். நம் மேல்தெரு மேட்டுக்கு ஏறாது. கீழே எல்லோரும் தூங்கும்போது, விடியுமுன் ஒரு மணிநேரம், நூல் மாதிரி வரும். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து குண்டனுக்குச் சிவப்பு விளக்குதான்.

உன் அக்கா நோட்டீஸைப் படித்தாள். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள். மடித்து வைத்தாள். "இது அவனுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா ஒண்ணு, நமக்காக நம்பரை மாத்துவான். இல்ல, மாத்தாம இருந்துட்டுத் தூங்காம கெடப்பான். ரெண்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது நான் கீழ்த்தெருவில் டிரம்களில் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். அவள் வாளியில் மொண்டு ஊற்றிப் பழைய இயந்திரத்தில் துவைக்கிறாள். முந்நூறில் எண்பது விரிப்புதான் முடிகிறது. ஆஸ்பத்திரியில் ஜூன் முப்பதுவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் முழு வேலையும் நடக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நம்பரை மாற்றச் சொல்லி எழுதவில்லை. நான் வண்டி ஓட்டுகிறவன், எனக்கு அது தெரியாது. என் முட்டிக்கு இதைச் சொல்ல வேறு யாரும் இல்லை, அதனால் உனக்குச் சொல்கிறேன். உன் அக்காவிடம் காட்டிக்கொடுக்காதே.

அத்தான்

*

மே 9, காலை 7.05. உடைத்த குழாய்கள்: முப்பது. உன்மேல் கோபம்: கணக்கில்லை.

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. ஊறுகாய் ஜாடியைத் திறக்கிற கை எதனால் வந்தது என்று இப்போது தெரிகிறது. அத்தான் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே.

ஏன் சொல்லவில்லை? "குண்டன் ஓய்வில் இருக்கிறான்" என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? நானும் ஒரு மடையன், ஓட்டிப் பார் என்று புத்தி சொல்லியிருக்கிறேன்.

கோப்பைத் திரும்பத் திறந்தேன். அந்த நான்கு தாளையும் இந்தத் தடவை படித்தேன். துரு ஒரே நீளமாக இல்லை. இரண்டு கூட்டம். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் துருவே தொடாத நல்ல இரும்பு. அரைச் சாண் இடைவெளி இருந்தாலே இரண்டு குழிக்கூட்டமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது என்பது விதி. இரண்டாம் ஆண்டுப் பாடம். நான் நடுவில் இருந்த அந்த ஒரு சாணையும் சேர்த்து அரித்துப்போனதாகப் பெட்டி போட்டிருக்கிறேன். தாளைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். புரட்டவில்லை.

திருத்தித் தருகிறேன் என்று பாதியாரிடம் போனேன். காரணம் கேட்டார். பொய் சொல்ல வரவில்லை.

"உங்க அக்கா தெருவா?"

"ஆமா சார். ஆனா தப்பு உண்மையான தப்பு. தெரு யாருதா இருந்தாலும் தப்புதான்."

"இருக்கலாம். ஆனா நீங்க இப்ப நம்பரை ஏத்தினா அதுக்கு ஊர்ல என்ன பேரு வைப்பாங்க? சாவியக் குடுங்க."

அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். 41ஐ நான் இனித் தொடக்கூடாது. எதிர்மேசைக்காரியிடம் போய்விட்டது. அவளுக்கு எத்தனை நாள் ஆகும் என்று உனக்கே தெரியும். ஜூன் முப்பதுக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது.

தம்பி

*

மே 18

தம்பிக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், சுகம்தான். அத்தானுக்கு முட்டிவலி சுத்தமாகப் போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

கோபத்தை மடித்து வைத்துவிட்டு இதைப் படி. நம்பரை ஏற்று என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அந்தக் குழாய் கீழ்த்தெரு வழியாகத்தான் போகிறது. ரொட்டிக்கடை அடுப்புச் சுவரை ஒட்டி, பள்ளிக்கூட மதிலை ஒட்டி. நோட்டீஸ் ஒட்டியபிறகு நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மண்ணைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். உண்மையிலேயே 34தான் என்றால் 17இலேயே ஓடட்டும். நான் டிரம்மில் மொண்டுகொள்கிறேன். முடியாவிட்டால் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு மறுபடி சட்டை தேய்க்கிறேன். வருத்தம் இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். குண்டனை உள்ளே கொண்டுவந்த நாளில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவனைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஆனால் உனக்கே இப்போது உன் எண்ணில் சந்தேகம். நாளைக்கு அந்தப் பெண் வேறொரு எண் சொல்வாள். எதை நம்பி எந்தப் பிள்ளையை அந்த மதிலோரம் நடக்கவிடுவது? நீங்கள்தான் உடைக்கிற ஆட்களாயிற்றே, இதை உடைத்துப் பார்த்தால் என்ன?

எதிர்மேசைக்காரியை அவசரப்படுத்தாதே. மெதுவாகப் பார்க்கட்டும். இதை நான் எழுதுகிறேன், ஏழு வாரத்தை எண்ணிக்கொண்டிருப்பவள்.

உன் அக்கா

*

ஜூன் 2

அக்காவுக்கு,

உடம்பு நலம். வாய்தான் ஒரு மாதமாக மூடிக்கிடக்கிறது. அவள் மேசைப் பக்கம் பார்த்தாலே பாதியார் இருமுகிறார்.

முடித்துவிட்டாள். ஒன்பது நாள். ஒவ்வொரு புள்ளியையும் வரைந்து, குழிகளின் அடி மேடுபள்ளத்தைக் கோடாக இழுத்து, இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறாள். 52 என்று வந்திருக்கிறது.

நீங்கள் பழையபடி 22இல் ஓட்ட வேண்டுமானால் அதன் இரண்டு மடங்கு, 44, தாங்க வேண்டும். அவள் சொல்வது சரியென்றால் தாங்கும். நான் சொன்னது சரியென்றால் தாங்காது. பாதியார் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரே குழாய்க்கு ரெண்டு ஜாதகம். நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன். உடைச்சுக் காட்டுங்க" என்றார். நீ கேட்டதைத்தான் அவரும் கேட்கிறார்.

அதற்கு அந்த மோசமான இடத்தை வெட்டி இங்கே அனுப்ப வேண்டும். அந்த இடத்தில் புதுத்துண்டு வைத்துவிடுவார்கள். மற்ற எட்டு இடங்கள் இதைவிட லேசானவை, அவை அப்படியே இருக்கும். இது 44 தாங்கினால் அவையும் தாங்கும். தாங்காவிட்டால் 17 நிரந்தரம். வெட்டி ஒட்ட இரண்டு நாள் ஊர் முழுவதும் தண்ணீர் நிற்கும். அதற்கு ஊர் சம்மதிக்க வேண்டும். கீழ்த்தெருவுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, அவர்கள் ஏன் சம்மதிக்கப்போகிறார்கள்? நான் வந்து பேசவும் முடியாது.

34 பலகையில் எழுதியாகிவிட்டது. உடையும்வரை அழிக்கக்கூடாது. தினமும் பார்க்கிறேன்.

தம்பி

*

ஜூன் 14

தம்பிக்கு,

எல்லோரும் சுகம், எனக்கு மட்டும் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பம்ப் நிலைய முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். மேல்தெருவிலிருந்து இருபது பேர், கீழ்த்தெருவிலிருந்து நூறு பேர். மேற்பார்வையாளர் உன் பாதியாரின் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் ரொட்டிக்கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"மேல்தெருவுக்குத் தண்ணி ஏறலன்னா அது மேல்தெரு கவலை. எங்களுக்குக் கொட்டுதே, அதை ஏன் அறுக்கறீங்க?"

நான் எழுந்தேன். "அண்ணே, உங்க அடுப்புச் சுவருக்கும் குழாய்க்கும் எவ்வளவு தூரம்?"

"ஒரு ஆள் நடக்கலாம். அதுக்கென்ன?"

"அது எவ்வளவு தாங்கும்?"

"முப்பத்திநாலுன்னு நோட்டீஸ்ல இருக்கே."

"இன்னொருத்தர் அம்பத்திரெண்டுங்கறாங்க. ரெண்டு பேரும் படிச்சவங்க. ரெண்டு பேரும் தாளைத்தான் பாத்தாங்க, குழாயைப் பாக்கல. நீங்க எந்த நம்பர் பக்கத்துல உக்காந்து ரொட்டி சுடறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

சிரிப்பு வந்தது. அவர் விடவில்லை. "தம்பி ஒருத்தர் அங்க வேலை பாக்கறாராமே உங்களுக்கு? அந்த முப்பத்திநாலே அவரு போட்டதாமே?"

முற்றமே என்னைப் பார்த்தது.

"ஆமா, என் தம்பிதான். சின்ன வயசிலேர்ந்து எனக்கு அவனைத் தெரியும். அதனாலதான் நம்பாம உடைச்சுப் பாக்கச் சொல்றேன்."

அந்தச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ரொட்டிக்கடைக்காரரே முதல் கையைத் தூக்கினார். "நாப்பத்திநாலுக்குக் கீழ உடைஞ்சா என்னம்மா பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்டார். "ஆஸ்பத்திரி வேலை வேண்டாம்னு மறுநாளே எழுதிக் குடுத்துருவேன்" என்றேன். சொல்லியாகிவிட்டது.

துண்டு நேற்று லாரியில் ஏறிவிட்டது. அத்தான் அதைத் தட்டிப் பார்த்து "போய்ட்டு வா" என்றார். வராது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

உன் அக்கா

*

ஜூன் 24, மாலை 4.40. உடைத்த குழாய்கள்: முப்பத்தாறு.

அக்காவுக்கு,

தந்தி மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவுவாய்: 49. தாங்கியது. திங்கட்கிழமை காலையிலிருந்து 22. குண்டனை எழுப்பு.

இப்போது நிதானமாகப் படி. உடம்பு நலம், இதயத்தைத் தவிர. அது காலை பத்து மணியிலிருந்து வேறு யாருடையதோ மாதிரி அடித்துக்கொண்டிருக்கிறது.

என்னைத் தடுப்புச்சுவருக்குப் பின்னால் பார்வையாளனாக நிற்கவிட்டார்கள். கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், கட்டிக்கொண்டேன். எதிர்மேசைக்காரி அழுத்தமானியைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இருபது. முப்பது. முப்பத்துநான்கு வந்ததும் திரும்பி, "பெட்டி சார், உங்க நம்பர் போகுது, டாட்டா காட்டுங்க" என்றாள். காட்டினேன். வாழ்க்கையில் தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது இல்லை.

44இல் நிறுத்தினார்கள். அங்கே முள் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், அதுதான் பாதியாரின் நிபந்தனை. ஆறாவது நிமிடம் முள் இறங்கியது. 43.8. 43.6. குழாய் எங்கோ வழிவிடுகிறது என்று நினைத்தேன். நீ முற்றத்தில் நின்று சொன்ன வார்த்தை, எழுதிக் கொடுக்கப்போகிற தாள், எல்லாம் கண்முன் வந்தது. கட்டின கை தானாக அவிழ்ந்தது. பம்ப்காரர் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "குழாய் இல்லைங்க. மானிக்குப் போற ரப்பர் குழல்ல கசியுது" என்றார். அழுத்தத்தை இறக்கி, இறுக்கி, மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது பத்து நிமிடத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. முள் அசையவில்லை.

அதன்பிறகு ஏற்றினார்கள். 49இல் ஒரே சத்தம். உள்ளே போய்ப் பார்த்தோம். இடது குழிக்கூட்டத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. நடுவில் இருந்த அந்த ஒரு சாண் நல்ல இரும்புவரை வந்து, அங்கே கிழிசல் நின்றுவிட்டது. அதன்மேல் கையை வைத்துப் பார்த்தேன். ஈரமாக, முழுசாக இருந்தது.

எதிர்மேசைக்காரி சிரிக்கவில்லை. 52 சொன்னாள், 49இல் உடைந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கிழிந்த குழியைச் சுரண்டினாள். அடியில் துரு கெட்டியாக ஒட்டியிருந்தது. அளவெடுத்தவர்கள் அதைச் சுரண்டாமல் துருவையும் இரும்பென்று அளந்திருக்கிறார்கள். பாதியார் பலகைமுன் நின்றுகொண்டு, "இவர் பதினஞ்சு தள்ளி, அவங்க மூணு தள்ளி. சேறு இவருக்குத்தான்" என்றார். நான் துடைப்பத்தை எடுத்தேன். அவள் இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எதுக்கு?" என்றேன்.

"நீங்க தப்பினா தண்ணி வராது. நான் தப்பினா சுவர் இருக்காது. நகருங்க."

இரண்டு பேரும் கூட்டினோம். பாதியார் 49ஐப் பாதியாக்கி, அரையைத் தள்ளி, 24 என்று எழுதினார். உங்களுக்கு 22 போதும். மற்ற எட்டு இடங்களையும் துருவைச் சுரண்டி மறுபடி அளக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை. ரொட்டிக்கடைக்காரரிடம் சொல், துண்டை வெட்டியது அவர் அடுப்புப் பக்கத்தில்தானாம், அங்கே இப்போது ஓடுவது புதுத்துண்டு. அவர் நம்பவில்லை என்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாலை அலமாரியைத் திறந்ததும் என் கையெழுத்தில் இன்னும் ஏழு கோப்புகள் கண்ணில் பட்டன. எல்லாம் பெட்டி. எல்லாம் நாற்பது நிமிடம். அக்கா, அந்த ஊர்களில் எனக்கு யாரும் கிடையாது. அங்கே யார் தண்ணீர் சுமக்கிறார்கள் என்று எழுத அத்தானும் கிடையாது. இதுவரை யாரும் கேட்கவில்லை.

அத்தானுக்கு என் அன்பு. உன் தொண்டைக்கு வெந்நீர். இனிச் செய்யப்போவது:

1. ஏழு கோப்புகளையும் பாதியார் மேசையில் வைத்து, என் கணக்கைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. திட்டுவார். நின்று கேட்பது.

2. குழிகளைச் சுரண்டி மறுபடி அளக்கும்படி ஏழு ஊர்களுக்கும் கேட்டு அனுப்புவது. ஊர்ப்பெயர் எனக்குத் தெரிய வேண்டாம்.

3. எதிர்மேசைக்காரியிடம் அந்த மேடுபள்ளக் கோட்டை இழுக்கக் கற்றுக்கொள்வது. நக்கல் செய்வாள். அதற்கும் நேரம் ஒதுக்குவது.

4. ஏழும் முடிந்தபிறகு விடுப்பு எடுத்து உங்களைப் பார்க்க வருவது. எத்தனை நாளில் முடியும் என்று பாதியார் கேட்டார். தெரியாது சார் என்றேன்.

5. நாளை காலை எட்டு மணி: கோப்பு 29. முதல் தாளிலிருந்து.

தம்பி